கெம்மண்டைன் அரண்

நுழையும்முன்

சித்தூரும் திருப்பதியும் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளன. 200 ஆண்டுகளுக்கு முன்னர் இவை சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாகாணத்துச் சிப்பாய்கள் கடல் கடந்து பர்மாவில் செய்த போரையும், அப்போரின் நினைவு எங்கெங்கு நிலைத்துள்ளது என்பதையும் இப்பாடத்தில் அறிவோம்.

போரின் காரணம்

பர்மாவை ஆண்ட ஆவா அரசு அரக்கான், மணிப்பூர், அசாம் ஆகிய நாடுகளை வென்று, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எல்லைவரை பரவியது. 1823 ஆம் ஆண்டில் நாப் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள ஷாபுரித் தீவு யாருக்கு உரியது என்னும் பூசல் எழுந்தது. தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்ட் பிரபு 1824 மார்ச் 5 அன்று போர் அறிவித்தார்.

கடல் கடந்த படை

கப்பலேறுவது சமய ஒழுக்கத்திற்கு மாறானது என்று வங்காளப் படையின் சிப்பாய்கள் பலர் கருதினர். சென்னைப் படையினரோ அதற்கு முன்பே இலங்கைக்கும் மணிலாவுக்கும் சென்று வந்தவர்கள். தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் இசுலாமியரும் அப்படையில் கலந்திருந்தனர். அப்போதைய சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ. அவர் பதவி விலகித் தாயகம் திரும்ப விரும்பியிருந்தார். போர் மூண்டதால் தங்கியிருந்து, படைகளையும் உணவுப் பொருள்களையும் அனுப்பும் பொறுப்பை ஏற்றார்.

கப்பல்கள் அந்தமானில் ஒன்றுகூடின. 1824 மே 11 அன்று ஆர்ச்சிபால்டு காம்பெல் தலைமையில் படை இரங்கூனில் இறங்கியது. நகரம் எதிர்ப்பின்றி வீழ்ந்தது. ஆனால் அங்கு மக்களும் இல்லை, உணவும் இல்லை. பர்மியர் நகரைக் காலிசெய்துவிட்டுக் காடுகளுக்குள் சென்றிருந்தனர். விரைவில் பெருமழை தொடங்கியது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் படையினரை வாட்டின. அப்போரில் வாளுக்கும் குண்டுக்கும் இரையானவர்களைவிட நோய்க்கு இரையானவர்களே மிகுதி.

அரண் காத்தவர்கள்

இரங்கூனுக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையில் இருந்தது கெம்மண்டைன் என்னும் மரவேலி அரண். ஆற்றுவழியாக இரங்கூனை நெருங்குவோர் அதனைக் கடந்தே வரவேண்டும். ஆங்கிலேயர் அதனை ஜூன் மாதத்தில் கைப்பற்றினர். அதனைக் காக்கும் பணி சென்னைப் படையின் 26 ஆம் அணிக்கும், சென்னை ஐரோப்பிய அணியின் ஒரு பிரிவுக்கும் அளிக்கப்பட்டது.

பர்மியரின் பெரும் படைத்தலைவர் மகா பந்துலா பெரும்படையுடன் வந்து, டிசம்பர் 1 அன்று தாக்குதலைத் தொடங்கினார். அவருடைய வீரர்கள் பதுங்குகுழிகளை விரைந்து தோண்டி, மண்ணுக்குள் மறைந்தபடியே முன்னேறினர். ஆங்கிலக் கப்பல்களை எரிக்க ஆற்றில் தீத்தெப்பங்களை மிதக்கவிட்டனர். கெம்மண்டைன் மீது இரவும் பகலும் தாக்குதல் நடந்தது. அரணிலிருந்தோர் சிலரே, ஆயினும் இடம்விட்டு அகலவில்லை. டிசம்பர் 7 அன்று இரங்கூன் அருகே பந்துலாவின் முதன்மைப்படை முறியடிக்கப்பட்டது. அதன்பின் அரணைச் சூழ்ந்திருந்தோரும் விலகினர்.

தம் நாட்டைக் காக்கப் போரிட்ட பந்துலா 1825 ஏப்ரல் 1 அன்று தனுபியூவில் வீரமரணம் அடைந்தார். 1826 பிப்ரவரி 24 அன்று கையெழுத்தான யாந்தபோ உடன்படிக்கையால் பர்மா, அரக்கானையும் தெனாசரிமையும் இழந்தது. ஏறத்தாழ 40,000 பேரை ஈடுபடுத்திய ஆங்கிலேயர் தரப்பில் சுமார் 15,000 பேர் மாண்டனர்.

பெயரும் நினைவும்

மன்றோ 1827 ஆம் ஆண்டில் பத்திகொண்டாவில் காலரா நோயால் இறந்தார். சென்னைத் தீவுத்திடலருகே அவருடைய குதிரைச் சிலை நிற்கிறது. திருமலைக் கோயிலில் ‘மன்றோ கங்காளம்’ என்னும் பெரும் பாத்திரத்தில் அமுது படைக்க அவர் வழிசெய்தார் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. பந்துலாவைப் பர்மியர் இன்றும் தம் வீரராகப் போற்றுகின்றனர். யாங்கூனில் அவர் பெயரால் ஒரு பூங்கா உண்டு.

26 ஆம் அணிக்குக் ‘கெம்மண்டைன்’ என்னும் சொல்லே போர்ச்சிறப்பாக அளிக்கப்பட்டது. அது அணியின் பெயருடன் சேர்ந்த சிறப்பு. அரணில் நின்ற ஒவ்வொரு சிப்பாயின் பெயரையும் சொல்லும் சிலையோ பூங்காவோ இல்லை. பிறர் ஆணைக்காகப் பிறர் மண்ணில் போரிட்ட அவர்களுக்கும் ஊரும் வீடும் காத்திருந்த உறவும் இருந்தன. வரலாற்றைக் கற்போர் தலைவர்களின் பெயர்களோடு, பெயர் அறியப்படாத அவர்களையும் நினைத்தல் வேண்டும்.

சொற்பொருள்

அரண் – காவல், கோட்டை
முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்குமிடம்
தெப்பம் – மிதவை
கங்காளம் – அகன்ற பெரிய பாத்திரம்
அமுது – இறைவனுக்குப் படைக்கும் உணவு

பயிற்சி

1. இரங்கூனைக் கைப்பற்றிய படை எதிர்கொண்ட துன்பங்கள் யாவை?
2. கெம்மண்டைன் அரணைக் காப்பது ஏன் இன்றியமையாததாயிற்று?
3. பிரித்து எழுதுக: ஆற்றங்கரை, தீத்தெப்பம், பெரும்படை.
4. சிந்தித்து எழுதுக: பந்துலாவின் வீரர்களும் சென்னைச் சிப்பாய்களும் போரிட்ட காரணங்கள் எவ்வாறு வேறுபட்டன?
5. உங்கள் குடும்பத்தில் ஊர்விட்டு ஊர் சென்று உழைத்த முன்னோர் ஒருவரின் பெயரைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.