பூஸ்ட் கேஜ் மாட்டப் போறியா தம்பி? இதைப் படிச்சுட்டு மாட்டு

பூஸ்ட் கேஜ் காட்டுறது டர்போ தள்ளுற காத்தோட அழுத்தத்தை. அதனால முதல்ல ஒரு கேள்வி. உன் எஞ்சினில் டர்போ இருக்கா? தேவனேரி, கொக்கிலமேடு, மாமல்லபுரம் மணலில் ஏத்தி வச்சிருக்கிற ஃபைபர் படகுன்னா இருக்காது. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில் நிறைஞ்ச அந்தப் படகுகளில் ஓடுறது சின்ன எஞ்சின். அதுக்கு இந்த கேஜ் வேண்டவே வேண்டாம், அந்தக் காசுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கு. காசிமேட்டில் டர்போ எஞ்சினோட விசைப்படகு வச்சிருந்தாலோ, அங்கே டிரைவரா போறவனா இருந்தாலோ மேலே படி.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்திலேயே முடி. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிடைக்குது. கடைசி ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் மாட்டுற கேஜ் கட்டாயம் கசியும்.

1. கடைக்காரர் கொடுக்கிறதை வாங்கிட்டு வராதே. ஆயில் பிரஷருக்கான 10 கிலோ கேஜை எடுத்துக் கொடுப்பாங்க. அதில் பூஸ்ட் முள் அசைஞ்சதே தெரியாது. எஞ்சின் புத்தகத்தில் அதிகபட்ச பூஸ்ட் எவ்வளவுன்னு பாரு. 1 பார்னா, 2 பார் வரை காட்டுற கேஜ் சரி. மெக்கானிக் 'ஒரு கிலோ'ன்னு சொல்றது ஏறக்குறைய 1 பார், பிஎஸ்ஐ கணக்கில் சுமார் 14.5. பாதி முகத்தில் வேக்குவம் காட்டுற பெட்ரோல் கார் கேஜும் உனக்கு ஆகாது.

2. மின்சார சென்சார் வேண்டாம். உப்புக்காத்தில் ஒயர் முனை பச்சை பூத்து, முள் பொய் சொல்லும். குழாய் வழியா நேரா காத்து போற சாதா கேஜ் போதும்.

3. துளை போடுறதுக்கு முன்னாடி தேடு. இன்டேக் மேனிஃபோல்டில் பெரும்பாலும் ஒரு பிளக் திருகி இருக்கும். பெயின்ட் மூடியிருக்கும், சுரண்டிப் பாரு. அதைக் கழட்டிக் கடைக்குக் கொண்டு போய், அதே மரையில் பித்தளை நிப்பிள் வாங்கு. மரை ஒத்துப் போகலைன்னா இறுக்கி ஏத்தாதே, அலுமினிய மேனிஃபோல்டு விரிசல் விட்டுடும்.

பிளக் இல்லைன்னா மேனிஃபோல்டைக் கழட்டி, வெளியே வச்சுத் துளை போடு. 'அரை மணி நேர வேலை, எஞ்சின் மேலேயே வச்சுப் போட்டுடலாம்'னு யார் சொன்னாலும் கேட்காதே. உள்ளே விழுற உலோகத் தூள் நேரா சிலிண்டருக்குத்தான் போகும். ஒரு சின்னச் சுருள் போதும், லைனரைக் கீறிடும். அப்புறம் எஞ்சினையே பிரிக்கணும். அரை நாள் போனா போகட்டும் தம்பி.

4. இடம்: இன்டர்கூலர் இருந்தா அதைத் தாண்டின பிறகுதான் கேஜுக்குக் குழாய் எடுக்கணும். சிலிண்டருக்குப் போற காத்தோட அழுத்தம்தான் நமக்கு வேணும். டீசல் பம்புக்குப் போற மெல்லிய பூஸ்ட் குழாயில் டீ (T) இணைப்பு போடலாம். ஆனா அங்கே கசிஞ்சா பம்ப் டீசலைக் குறைச்சிடும், வலை இழுக்கத் தெம்பு இருக்காது.

5. குழாய்: வெறும் செப்புக் குழாயை விறைப்பா இழுத்துக் கட்டாதே, அதிர்வில் ஒடிஞ்சிடும். எஞ்சின் பக்கம் ஒரு சுத்து விட்டுக் கட்டு. நைலான் குழாய்னா டர்போவுக்கும் சைலன்சருக்கும் கிட்டவே கொண்டு போகாதே. பலகையைத் துளைச்சு வீல்ஹவுசுக்குள் நுழையுற இடத்தில் ரப்பர் வளையம் போடு. டெஃப்லான் டேப் சுத்தும்போது முனையில் ஒரு மரையை வெறுமனே விடு. இல்லைன்னா பிசிறு உள்ளே போய் அடைக்கும்.

6. கசிவு பார்க்கிறது: கட்டி நிக்கிற படகில் எஞ்சினை முறுக்கினா பூஸ்ட் பெரிசா ஏறாது. 'கேஜ் வேலை செய்யலை'ன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதே. எஞ்சின் பக்க முனையைக் கழட்டி, சைக்கிள் பம்பால் மெல்லக் காத்து அடிச்சு அடைச்சு வை. கேஜோட எல்லையைத் தாண்டாதே. முள் அப்படியே நிக்கணும். இறங்கினா இணைப்புகளில் சோப்புத் தண்ணி தடவு, கசியுற இடத்தில் குமிழி வரும்.

7. இது பலரும் விட்டுடுற வேலை. படகு அடிப்பக்கம் சுத்தமா இருக்கிற முதல் பயணத்திலேயே ரீடிங் எடு. வலை இல்லாம ஓடும்போது எந்த ஆர்.பி.எம்.மில் எத்தனை, வலை இழுக்கும்போது எத்தனைன்னு ஒரு நோட்டில் எழுது. வழக்கமா வலை இழுக்கிற வேகத்தில் முள் நிக்கிற இடத்தில், கண்ணாடி மேல் சிவப்பு பெயின்டில் கோடு போடு. பக்கத்துப் படகு ரீடிங் உனக்கு உதவாது.

அப்புறம் பாரு. அதே ஆர்.பி.எம்.மில் முள் கோட்டுக்குக் கீழே இறங்கி, கரும்புகையும் வந்தா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லைன்னா ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும். இந்த ரெண்டையும் பார்த்துட்டு டர்போ மேல் கை வை. முள் கோட்டைத் தாண்டி ஏறினா எஞ்சின் அதிகமா சுமக்குது. அடியில் பாசி, சிப்பி இருக்கா, புரொப்பல்லரில் கயிறு சுத்தியிருக்கான்னு பாரு.

8. டீசல் பம்ப் சீலைத் தொடாதே. முள் இன்னும் ஏறட்டும்னு டீசலைக் கூட்டினா புகைபோக்கி சூடு எகிறும், பிஸ்டன் உருகும். அந்தச் சூட்டை பூஸ்ட் கேஜ் காட்டாது, அதுக்குத் தனி கேஜ் இருக்கு. காசு இருந்தா அதையும் மாட்டு.

9. மேனிஃபோல்டில் கழட்டின அந்தப் பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதே. கிரீஸ் தடவி, கவரில் சுத்தி, ஸ்பேனரோட வை. நடுக்கடலில் குழாய் ஒடிஞ்சா எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, நிப்பிளைக் கழட்டி அதைத் திருகிட்டுக் கரைக்கு வந்துடலாம்.