கறையான் புற்றும் கட்டடக் கலையும்

கிராமத்தில் பிறந்து வளர்ந்தோரில் கறையான் புற்றைக் காணாதவர் எவருமிலர். வயல் வரப்பிலும், ஏரிக் கரையிலும், வேப்பமரத்தடியிலும் அது எழுந்து நிற்கும். சிலர் அதற்குப் பால் வார்த்து வணங்குவர். சிலர் மண்வெட்டி கொண்டு இடித்து நிரவுவர். மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக் காளானைச் சிலர் பறித்துச் சமைப்பர். ஆயினும், அப்புற்றை ஒரு கட்டடமாகக் கருதி, அதனுள் காற்று எவ்வாறு உலவுகின்றது என்று கேட்டவர் நம்மில் மிகச் சிலரே. அக்கேள்வியைக் கேட்டதன் பயனாக ஆப்பிரிக்காக் கண்டத்தில் ஒரு பெரிய மாளிகை எழுந்தது. அதன் வரலாற்றையும், அது நம் பஞ்சாயத்துக் கட்டடங்களுக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இயற்கை என்னும் ஆசான்

இயற்கையின் அமைப்பைக் கூர்ந்து நோக்கி, அதன் தத்துவத்தைத் தம் கருவிகளில் பயன்படுத்துவது மனிதருக்குப் புதிதன்று. சுவிட்ஸர்லாந்து நாட்டு எஞ்சினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவர், 1941-ஆம் ஆண்டில், தம் நாயின் உரோமத்தில் ஒட்டிக்கொண்ட முட்காய்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் சிறு கொக்கி இருக்கக் கண்டார். இன்று நம் பைகளிலும் செருப்புகளிலும் ஒட்டிப் பிரிக்கும் பட்டை அதிலிருந்தே பிறந்தது. ஜப்பான் நாட்டில் அதிவேக ரயில் வண்டி சுரங்கப் பாதையை விட்டு வெளிப்படும்போதெல்லாம் வெடியோசை போன்ற சத்தம் எழுந்தது. நீரில் அலையெழுப்பாமல் பாயும் மீன்கொத்தியின் அலகை ஒத்த முகப்பை அவ்வண்டிக்கு அமைத்து, அக்குறையைப் போக்கினர். அவ்வகை வண்டி 1997-இல் ஓடத் தொடங்கியது.

நாயுருவி வேட்டியில் பற்றிக்கொள்வதையும், மீன்கொத்தி குளத்தில் பாய்வதையும் நாமும் நாள்தோறும் காண்கிறோம். காண்பது முதற்படி. அதன் காரணத்தைத் தேடுவது இரண்டாம் படி. தேடிக் கண்ட காரணம் நம் காரியத்துக்குப் பொருந்துமா என்று சோதிப்பது மூன்றாம் படி. இம்மூன்றில் கடைசிப் படியே பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

ஹராரே நகரத்து மாளிகை

ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரம் ஹராரே. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரமாதலால், பகலில் வெயில் காய்ந்தாலும் இரவில் குளிர்ந்த காற்று வீசும். அங்கே கடைகளும் அலுவலகங்களும் கொண்ட ஈஸ்ட்கேட் என்னும் பெரிய கட்டடம் 1996-இல் திறக்கப்பட்டது. அதனைத் திட்டமிட்ட சிற்பி மிக் பியர்ஸ் என்பவர். குளிர்சாதன இயந்திரங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து, மின்சாரம் செலவழித்து ஓட்டுவதற்கு மாறாக, வேறு வழி காண வேண்டுமென்பது அவருக்கு இடப்பட்ட பணி. கறையான் புற்று அவருக்கு வழிகாட்டிற்று. வெப்பமான காற்று புற்றின் உச்சி வழியே வெளியேற, அடியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது என்றும், அதனால் புற்றின் உட்புறம் என்றும் ஒரே சீரான வெப்பநிலையில் இருக்கிறது என்றும் அக்காலத்தில் பலர் கருதினர். மார்ட்டின் லூஷர் என்னும் சுவிஸ் விலங்கியல் அறிஞர் 1961-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு ஆதாரமாக இருந்தது.

கட்டடத்தின் அமைப்பு இதுதான். சுவர்களும் தளங்களும் கனமான கான்கிரீட்டாலும் செங்கல்லாலும் ஆனவை. தளங்களுக்குள் காற்றோடும் வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. இரவில் விசிறிகள் வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை இழுத்து அவ்வெற்றிடங்களின் வழியே வேகமாகச் செலுத்துகின்றன. பகல் முழுதும் சூட்டை வாங்கிய கான்கிரீட்டு இரவில் அதனை இழந்து குளிர்கிறது. மறுநாள் பகலில் காற்று மெதுவாகவே செலுத்தப்படும். அது குளிர்ந்த தளத்தின்மீது தவழ்ந்து அறைக்குள் தாழ்வாக நுழைந்து, சூடேறி உயர்ந்து, கூரையருகே உள்ள துளைகளின் வழியாகப் புகைபோக்கிகளை அடைந்து வெளியேறும். சன்னல்கள் சிறியவை. அவற்றின்மேல் வெயில் படாதவாறு ஆழமான மறைப்புகள் உண்டு.

இதனால் குளிர்சாதன இயந்திரங்களுக்காகும் செலவில் சுமார் 35 லட்சம் டாலர் மிச்சமாயிற்று. அந்நகரத்தில் குளிர்சாதனம் பொருத்திய ஏனைய கட்டடங்களோடு ஒப்பிட, இதன் மின்செலவு சுமார் 35 சதவீதம் குறைவெனக் கணக்கிட்டனர்.

கருத்து மாறியது, கட்டடம் நின்றது

இனி வருவதே பாடத்தின் முக்கியப் பகுதி. ஸ்காட் டர்னர், ரூப்பர்ட் சோர் ஆகிய அறிஞர்கள் நமீபியா நாட்டில் புற்றுகளைத் துளைத்து அளந்து பார்த்து, தம் முடிவுகளை 2008-இல் வெளியிட்டனர். புற்றின் உட்புற வெப்பநிலை ஆண்டு முழுதும் ஒரே சீராக இருக்கவில்லை. சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலை பருவத்துக்குப் பருவம் ஏறியிறங்க, அதனோடு கூடவே அதுவும் ஏறியிறங்கிற்று. புற்றின் மேற்கூடு குளிரூட்டும் புகைபோக்கியாக வேலை செய்யவில்லை. நம் உடலில் நுரையீரல் செய்யும் வேலையை அது செய்கிறது. கெட்ட காற்றை நீக்கி நல்ல காற்றை உள்ளே வாங்குகிறது.

நம் தென்னிந்தியாவின் புற்றுகளையே ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, எல். மகாதேவன் ஆகியோர் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளிப்பார்வைக்குப் புற்றில் பெரிய துளை எதுவும் தென்படாது. மண்சுவரின் நுண்ணிய துளைகளின் வழியே காற்று கசிந்து புகும். பகலில் புற்றின் வெளிப்புற மடிப்புகள் விரைவில் சூடாகின்றன, நடுப்பகுதி மெதுவாகச் சூடாகிறது. ஆதலால் காற்று ஓரங்களில் மேலேறி நடுவில் கீழிறங்குகிறது. இரவில் ஓரங்கள் முதலில் குளிர்வதால் இவ்வோட்டம் தலைகீழாக மாறுகிறது. பகலில் உள்ளே தேங்கும் கரியமில வாயு இரவில் வெளியேறுகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடே புற்றுக்குள் காற்றை இயக்குகிறது.

அவ்வாறாயின், புற்றைப் பற்றிய கருத்து பிழைபட்டிருக்க, ஹராரே மாளிகை எங்ஙனம் பயன் தந்தது? விடை எளிது. புற்று கற்பனையைத் தூண்டியது, அவ்வளவே. அதன்பின் எஞ்சினியர்கள் ஹராரேயின் பகல் வெப்பம் எவ்வளவு, இரவுக் குளிர் எவ்வளவு, கான்கிரீட்டு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டே கட்டினர். கற்பனை வழியைக் காட்டும். அவ்வழி ஊர் போய்ச் சேருமா என்பதை அளவுகோலே சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் கட்டடங்களின் நிலை

இப்பாடம் நமக்கு ஏன்? நம் வட்டாரங்களைச் சுற்றி வரும்போது நாம் பன்முறை கண்ட காட்சி ஒன்றுண்டு. அங்கன்வாடியோ, பஞ்சாயத்து அலுவலகமோ, கான்கிரீட்டுத் தளம் போட்ட கட்டடம். பகல் முழுதும் தளம் வெயிலைக் குடிக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் கதவு, சன்னல் அனைத்தையும் இறுக மூடிப் பூட்டிச் செல்கிறோம். இரவுக் குளிர்ந்த காற்று வெளியே வீச, பகற்சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. மறுநாள் காலையில் குழந்தைகளை அச்சூளைக்குள் உட்கார வைக்கிறோம். மூன்று வயதுக் குழந்தைக்குப் புழுக்கத்தை எடுத்துச் சொல்லத் தெரியாது. அழும், அல்லது சோர்ந்து கிடக்கும். விசிறி சுழன்றாலும் அது சூடான காற்றையே சுற்றிச் சுற்றி வீசும்.

இக்குறையைப் போக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. கூரையருகே எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துவாரங்களும், தரைக்குச் சற்று மேலே சிறு திறப்புகளும் அமைத்து, அவற்றுக்கு இரும்புக் கம்பியும் நெருக்கமான வலையும் பொருத்தலாம். பூட்டிய பின்னும் அவை இரவெல்லாம் திறந்திருக்கும். திருடனும் பாம்பும் நுழையா. தளத்தின்மேல் சுண்ணாம்பு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். மேற்குச் சுவருக்கு மரநிழலோ, தாழ்வாரமோ வேண்டும். புதிதாகக் கட்டுவோர், நடுவில் வெற்றிடம் விட்டுச் செங்கல்லை நிறுத்தி அடுக்கும் சுவர்முறையைக் கவனிக்கலாம். கேரளத்தில் வாழ்ந்த கட்டடச் சிற்பி லாரி பேக்கர் பரப்பிய அம்முறையில் செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாவதோடு, வெளிச்சூடு உள்ளே புகுவதும் குறையும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஹராரேயின் முறை எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. உள்நாட்டு வறண்ட பகுதிகளில் இரவு நன்கு குளிரும். ஆதலால் அங்கே இரவுக் காற்றால் பயன் மிகுதி. கடற்கரை ஊர்களில் கோடை இரவும் புழுக்கமாகவே இருக்கும். அங்கே நிழலும், கடற்காற்று குறுக்கே ஓடும் சன்னல்களுமே முதன்மையானவை. மலையூர்களிலோ குளிரைத் தடுப்பதே கவலை. கறையானும் தான் வாழும் மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்பவே புற்றைக் கட்டுகிறது. ஒரே வரைபடத்தை எல்லா ஊரிலும் வைத்துக் கட்டுவது மனிதர் மட்டுமே செய்யும் காரியம்.

அளந்து பார்ப்போம்

எந்த மாற்றத்தையும் செய்யுமுன், கட்டடத்தின் உள்ளே ஒன்றும் வெளியே நிழலில் ஒன்றுமாக இரு வெப்பமானிகளைத் தொங்கவிடுக. சித்திரை மாதத்தில் ஏழு நாட்கள், காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 8 மணி என மூன்று வேளையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுக. காலை 6 மணிக்கு உள்ளே வெளியைவிட வெப்பம் மிகுந்திருந்தால், இரவுக் காற்றுக்கு அங்கே வேலை உண்டு என்பது பொருள். இரு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால், நிழலுக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் முதலிடம் தருக. மாற்றம் செய்தபின் மீண்டும் ஏழு நாட்கள் அளக்க. பள்ளிப் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைத்தால் அவர்களுக்கும் அது நல்ல பாடமாகும்.

அடுத்த கூட்டத்தில் ஆராய வினாக்கள்

1. நம் பஞ்சாயத்தின் பொதுக் கட்டடங்களுள், இரவில் காற்றுப் புகும் வழியுள்ளவை எத்தனை?

2. நம் ஊரின் பழைய வீடுகளில் கோடையிலும் குளிர்ந்திருப்பது எது? அதன் சுவர், கூரை, முற்றம் ஆகியவை எவ்வாறு அமைந்துள்ளன?

3. இவ்வாண்டு கட்டவிருக்கும் கட்டடத்தின் வரைபடத்தில், எஞ்சினியரிடம் நாம் கேட்க வேண்டிய மாறுதல்கள் யாவை?

இவ்வினாக்களுக்கு விடை காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்து, கையில் ஒரு வெப்பமானியும் மனத்தில் ஒரு கேள்வியும் கொண்டு பார்த்தால் போதும். வரும் சித்திரைக்குள் வட்டாரத்துக்கு ஓர் அங்கன்வாடியேனும் இவ்வாறு அளந்து திருத்தப்படுமானால், அதனுள் அமரும் குழந்தைகளே அதன் பயனை முதலில் அறிவர்.