மின் சாதனங்களும் மூன்று விலைகளும்

நம் மாநிலத்தில் 1932-ம் ஆண்டில் பைக்காராவிலும் 1937-ம் ஆண்டில் மேட்டூரிலும் நீர் மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. 1957-ம் ஆண்டில் மின்சார வாரியம் அமைந்தபின் மின் கம்பிகள் சிற்றூர்களுக்கும் விரைந்து பரவின. வீட்டிற்கு ஒரு விளக்கு எரிவதே பெரும் பேறு என்று கருதப்பட்ட காலம் அது. இன்றோ சிறு குடியானவர் வீட்டிலும் விளக்கு, விசிறி, மிக்ஸி, கிரைண்டர், தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவை உள்ளன. 2006-ம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், 2011-ம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின் விசிறி ஆகியவற்றையும் அரசே வழங்கியது.

அவ்வாறு வந்த பொருள்கள் தேய்ந்து பழுதாகும்போது, அடுத்ததைக் குடும்பமே தன் கைப்பணத்தில் வாங்க வேண்டியிருக்கிறது. எதை வாங்குவது, பழுதானால் என் செய்வது, எந்தக் குறையைத் தாமே சரி செய்துகொள்ளலாம், எதைத் தொடக்கூடாது என்னும் கேள்விகள் அப்போது எழுகின்றன. இவற்றை ஒரு சிறு பாடமாக இங்கே ஆராய்வோம்.

1. ஒரு பொருளுக்கு மூன்று விலைகள்

கடையில் கொடுக்கும் தொகையை மட்டுமே விலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஒவ்வொரு மின் சாதனத்திற்கும் மூன்று விலைகள் உண்டு. வாங்கும் விலை முதலாவது. அது உண்ணும் மின்சாரத்தின் விலை இரண்டாவது. பழுது பார்க்கும் விலை மூன்றாவது. முதல் விலை ஒரே நாளில் முடிந்துவிடும். மற்ற இரண்டும் பொருள் வீட்டிலிருக்கும் வரை தொடர்ந்து வரும்.

இரண்டாவது விலையைக் கணக்கிடுவது எளிது. 1,000 வாட் சக்தியுள்ள சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். சாதனத்தின் மீது எழுதியுள்ள வாட் அளவை, அது ஓடும் மணிகளால் பெருக்கி, 1,000 ஆல் வகுத்தால் யூனிட் கணக்கு கிடைக்கும்.

பழைய 60 வாட் இழை பல்பு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில், அதாவது 60 நாட்களில், 18 யூனிட் ஆகிறது. ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஆவது 2.7 யூனிட் மட்டுமே. 2015-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் மூலம் நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டதற்கு இந்தக் கணக்கே காரணம். விளக்கைப் பொறுத்தவரை இனி ஐயத்திற்கு இடமில்லை.

2. விசிறியைத் தேர்ந்தெடுத்தல்

விசிறியில்தான் சிந்தனை தேவைப்படுகிறது. சாதாரணக் கூரை விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முன்னதற்கு 54 யூனிட்டும் பின்னதற்கு 21.6 யூனிட்டும் ஆகின்றன. மிச்சம் 32 யூனிட்டுக்கு மேல். யூனிட் ஒன்றுக்கு 5 ரூபாய் என்று உதாரணத்திற்காக வைத்துக்கொண்டால், ஓராண்டு முழுவதும் ஓடும் விசிறியில் சுமார் 970 ரூபாய் மிச்சமாகும். புதுவகை விசிறிக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகை ஒன்றிரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடும்.

ஆயினும் இக்கணக்கு எல்லா வீட்டிற்கும் பொருந்தாது. 2016-ம் ஆண்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. இத்தகைய சலுகை அளவுக்குள்ளேயே செலவு அடங்கிவிடும் வீட்டில், விசிறியை மாற்றுவதால் கைக்கு வரும் காசு ஒன்றுமில்லை. அந்த வீட்டார் நல்ல சாதாரண விசிறியை வாங்குவதே சிக்கனம். பல விசிறிகள் இரவு பகலாக ஓடும் பெரிய குடும்பத்திற்கும், கடைக்கும், பஞ்சாயத்து அலுவலகத்திற்கும் புதுவகையே ஏற்றது. கட்டண மீட்டரின் பழைய ரசீதுகள் இரண்டையோ மூன்றையோ எடுத்துப் பார்த்தால், தம் வீடு எந்த வகையைச் சேர்ந்தது என்று எவரும் அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவது விலையையும் இங்கே எண்ண வேண்டும். சாதாரண விசிறி கெட்டால், அருகிலுள்ள சந்தை ஊரிலேயே காயில் கட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார். புதுவகை விசிறிக்குள் மின்னணுப் பலகை இருக்கிறது. அது கெட்டால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரும். ஆகவே அதை வாங்குவோர் உத்தரவாதக் காலம் எத்தனை ஆண்டு, பழுது பார்க்கும் நிலையம் எந்த ஊரில் உள்ளது என்னும் இரண்டையும் கடையிலேயே கேட்டறிவது அவசியம். பழைய ரெகுலேட்டரோடு அதனை இணைக்கவும் கூடாது.

நட்சத்திரக் குறியைப் பார்ப்பதும் நல்ல வழக்கம். 2023-ம் ஆண்டு ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் அது கட்டாயமாயிற்று. நட்சத்திரம் கூடக் கூட மின் செலவு குறையும். நட்சத்திரக் குறி சிக்கனத்திற்கு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பாதுகாப்புக்கு என்று நினைவிற் கொள்க.

3. மெக்கானிக்கிடம் போகுமுன்

சிறு குறைக்காகப் பொருளைத் தூக்கிக்கொண்டு பத்து மைல் பஸ்ஸில் செல்வோரை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் வீணாகின்றன. கீழ்க்கண்டவற்றை முதலில் கவனித்தல் நலம்.

மிக்ஸி திடீரென நின்றுவிட்டால் அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலான மிக்ஸிகளின் அடிப்புறத்தில் சிறு சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. பாரம் அதிகமாகும்போது மோட்டார் எரியாதபடி தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் காவலன் அது. பிளக்கைக் கழற்றி, ஜாரில் உள்ளதைக் குறைத்து, சில நிமிடம் ஆறவிட்டு, அப்பொத்தானை அழுத்தினால் மிக்ஸி மீண்டும் ஓடும். மோட்டார் சுற்றியும் ஜாரின் கத்தி சுற்றவில்லையெனில், இடையிலுள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். அது சொற்ப விலையில் கிடைக்கும். மோட்டாரைக் காக்கத் தான் தேயும்படி அமைக்கப்பட்ட உறுப்பு அது. உள்ளே அதிகமாகப் பொறி பறந்தால் கார்பன் தேய்ந்திருக்கலாம். அதையும் மாற்றினால் போதும். புது மிக்ஸி வேண்டியதில்லை.

விசிறி மெதுவாகச் சுற்றினாலோ, கையால் தள்ளினால்தான் ஓடினாலோ, பெரும்பாலும் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். இதை அறியாமல் காயில் கட்டப் பணம் கொடுப்போர் பலர். கண்டென்சரை ஒயர்மேனைக் கொண்டு மாற்றி, பிறகும் வேகம் வரவில்லையெனில் மட்டும் மேற்கொண்டு யோசிக்கலாம்.

குளிர்ப்பெட்டி உள்ளவர்கள், மின்சாரம் நின்று வந்தவுடன் அதனை இயக்காமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுப்பது கம்ப்ரெஸரின் ஆயுளைக் கூட்டும். நேரம் தாழ்த்தி இணைக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் இப்பணியைத் தானே செய்யும்.

4. குறைந்த வோல்டேஜ்

மாலையில் விளக்கு மங்குவது கிராமங்களில் நெடுநாளைய குறை. வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். இதில் 6 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் அனுமதித்தன. அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. அளவு மிகவும் குறையும்போது மோட்டார் உள்ள சாதனங்கள் சூடேறிக் கெடுகின்றன.

உடனே ஸ்டெபிலைசர் வாங்க ஓடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் மட்டும் மங்குகிறதா? அப்படியாயின் கம்பத்திலிருந்து வரும் கம்பியின் இணைப்பிலோ, மீட்டர் அருகிலோ தளர்ச்சி இருக்கலாம். தெரு முழுவதும் எந்நேரமும் மங்குகிறதா? அப்படியாயின் டிரான்ஸ்பார்மரின் தொலைவோ கம்பியின் மெலிவோ காரணமாகலாம். மாலையில் மட்டும் மங்குகிறதா? அப்படியாயின் டிரான்ஸ்பார்மரின் மீது பாரம் மிகுந்துள்ளது, அல்லது ஒரே முனையில் அதிக வீடுகள் இணைக்கப்பட்டுள்ளன. முதற்குறையை ஒரே நாளில் தீர்க்கலாம். மற்றவற்றுக்கு ஊரார் சேர்ந்து எழுதும் மனுவே மருந்து.

இன்னொன்றை யாவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் விளக்குகள் வழக்கத்தை மீறிப் பளிச்சென எரிந்து, அடுத்த வீட்டில் மங்கினால், நியூட்ரல் கம்பி அறுந்திருக்கக்கூடும். அந்நிலையில் 230 வோல்ட் செல்லவேண்டிய வீட்டிற்கு 400 வோல்ட்டை ஒட்டிய அழுத்தமும் பாயலாம். தயங்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்லி அனுப்புக. ஒரு தெருவின் தொலைக்காட்சிப் பெட்டிகள் யாவும் ஒரே இரவில் எரிந்துபோவது இவ்வகையில்தான்.

5. செய்யத்தகாத யுக்திகள்

நம் மக்கள் யுக்தி மிக்கவர்கள். கையிலுள்ளதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் திறமை பாராட்டுதற்குரியது. ஆனால் யுக்திகளில் இருவகை உண்டு. குறையின் காரணத்தை நீக்குவது ஒன்று; குறையை அறிவிக்கும் காவலனின் வாயை அடைப்பது மற்றொன்று. பின்னது உயிருக்கு ஆபத்து.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவது இவ்வகை. ஃபியூஸ் போவது குறையல்ல. அது குறையின் அறிவிப்பு. அதனை எரியவிடாமல் செய்தால் சுவருக்குள் செல்லும் கம்பி எரியும். மூன்று முள் பிளக்கின் நீண்ட முள்ளை உடைத்து இரண்டு முள் துளையில் செருகுவதும் அவ்வாறே. மற்ற இரண்டுக்கும் முன்பாகவே தரையிணைப்பு ஏற்பட வேண்டும் என்பதற்காகவே அம்முள் நீளமாக அமைக்கப்பட்டுள்ளது. அதை உடைத்தபின், கிரைண்டரின் உடலில் மின்சாரம் கசிந்தால் அதற்குப் போக வேறு வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று மாவு அள்ளும் பெண்ணின் உடலே அதன் வழியாகிறது.

நல்ல எர்த் குழியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். அச்சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று. ஒரு புதுச் சேலையின் விலையை மிஞ்சாத செலவில் ஒரு குடும்பத்தின் உயிர் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த முதலீடு எது?

விவசாயிகளுக்கு ஒரு சொல். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டென்சரைச் சேர்த்து இரு முனையில் பம்பு மோட்டாரை ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. தண்ணீர் வருகிறது என்பது மெய்யே. ஆனால் மோட்டார் சூடேறிக் காயில் கருகுகிறது. அக்கம்பியிலுள்ள மற்ற வீடுகளின் வோல்டேஜும் இறங்குகிறது. ஒருவரது பயிர் நனைய, பத்து வீட்டு விளக்குகள் மங்குகின்றன. ஒரு முனை அறுந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் தடுப்புக் கருவியைப் பொருத்தி, மும்முனை வரும் நேரத்தில் தொட்டியில் நீரைத் தேக்குவதே நிலையான வழி.

6. ரசீதும் உரிமையும்

ரசீது இல்லாமல் எப்பொருளையும் வாங்க வேண்டாம். உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் இருத்தல் வேண்டும். குறையுள்ள பொருளைக் கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிடில், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020-ம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருளை எவ்வூரில் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். குறை தோன்றி இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். சென்னையில் வாங்கிய பொருளுக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை என்பது கிராமத்தாருக்குப் பெரிய நன்மை.

7. பஞ்சாயத்தின் பங்கு

தனி வீட்டின் சிக்கனம் சிறிது. ஊரின் சிக்கனம் பெரிது. 40 வாட் தெரு விளக்குகள் நூறினை 20 வாட் விளக்குகளாக மாற்றினால், இரவுக்கு 11 மணி வீதம் நாள்தோறும் 22 யூனிட்டும், மாதத்தில் 660 யூனிட்டும் மிச்சமாகும். பகலில் எரியும் விளக்குகளை அணைக்கப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தாலோ, நேரக்கட்டுப்பாட்டுச் சுவிட்சைப் பொருத்தினாலோ மேலும் மிச்சமாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு மூன்று காரியங்களை நாம் கூற விரும்புகிறோம். வோல்டேஜ் குறையும் தெருக்களையும் அதன் நேரத்தையும் ஒரு மாதம் குறித்துவைத்து, அக்குறிப்புடன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திற்கு மனு அளியுங்கள். வெறும் புகாரினும் தேதியும் நேரமும் கொண்ட புகார் விரைவில் பயன் தரும். அடுத்து, தகுதியுள்ள ஒயர்மேன் ஒருவரைக் கொண்டு பள்ளி, அங்கன்வாடி, பஞ்சாயத்து அலுவலகம், நீரேற்று நிலையம் ஆகியவற்றின் எர்த் இணைப்பைச் சோதியுங்கள். பொதுக் கட்டடம் செம்மையாக இருந்தால் வீடுகளும் அதனைப் பின்பற்றும். மூன்றாவதாக, வரும் கிராம சபைக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, மூன்று முள் பிளக்கையும் ஃபியூஸ் கம்பியையும் மக்களின் கையில் கொடுத்து விளக்குங்கள். பெண்கள் முன்வரிசையில் அமரட்டும். வீட்டில் இச்சாதனங்களை நாள்தோறும் கையாள்பவர்கள் அவர்களே.