முழுமைநோக்கு என்றால் எல்லாவற்றையும் பார்ப்பதா?

கேள்வி: எங்கள் சிப்காட் கம்பெனிப் பயிற்சி வகுப்பில் 'முழுமைநோக்கு' என்று இரண்டு நாள் பேசினார்கள். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? இதற்கு ஒரு வகுப்பா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: இரண்டு நாள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 'அவ்வளவுதானே' என்று விட்டுவிடவும் முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியல்தான் நீளும். உறுப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, தனித்தனியே எதிலும் இல்லாத ஒரு குணம் மொத்தத்துக்கு வந்துவிடுகிறது. அதைப் பிடிப்பதுதான் முழுமைநோக்கு.

உங்களுக்குத் தெற்கே மீஞ்சூரைப் பாருங்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்த மணற்படுகையில் நல்ல தண்ணீர் இருப்பதை 1960களில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் கிணறுகள் தோண்டி, சென்னைக்கும் ஆலைகளுக்கும் இறைத்தார்கள். விவசாயிகளின் போர்களும் ஓடின. தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. போகப்போக, கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உப்பு உள்ளே வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் நெல் இலை நுனியிலிருந்து கருகும். பருப்பு வேக அடம்பிடிக்கும்.

'அந்தப் பெரிய போர் போட்டவரால்தான்' என்று ஒருவரைக் கைகாட்டுவது ஊர் வழக்கம். அவர் போரை மூடினாலும் உப்பு போகாது. நிலத்தடியில், எடை குறைந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரை அது அழுத்தி வைக்கும். இதற்குக் கைபன்–ஹெர்ஸ்பர்க் தொடர்பு என்று பெயர். மேலே 1 மீட்டர் குறைந்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். அந்த அழுத்தம் எந்தக் கிணற்றுக்கும் சொந்தமில்லை; எல்லாக் கிணறுகளும் சேர்ந்து தின்றுவிட்டன.

இன்னொன்று, பின்னூட்டம்: விளைவு திரும்பி வந்து காரணத்தையே வளர்ப்பது. கிணறு உப்பானவர் லாரித் தண்ணீர் வாங்குகிறார். அந்தத் தண்ணீருக்காக மேற்கே தள்ளி இறைக்கிறார்கள். அங்கேயும் மட்டம் இறங்க, உப்பு பின்னாலேயே வருகிறது.

நிலத்தடி நீருக்கு 1987-இலேயே சட்டம் வந்தது. ஆனால் அதன் அனுமதி கிணற்றுக்குக் கிணறு. நீர்மட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. கடைசியில், 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அழையாமல் ஊருக்குள் வந்த கடலை இப்போது காசு கொடுத்து அழைக்கிறோம்!

மீஞ்சூருக்கான வைத்தியத்தில் பாதி மீஞ்சூரில் இல்லை. மேற்கே ஆறுகளில் தடுப்பணை கட்டி மழைநீரைப் படுகைக்குள் இறக்கி, இறைப்பையும் குறைத்தால்தான் உப்பு பின்வாங்கும். அதற்கும் பல மழைக்காலங்கள் ஆகும்.