“வருதாம்” என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை? போர்ஷே 911 ஆர் சொல்லும் கணக்கு

ஒரு கார். உலகத்துல மொத்தம் 991 தான் செய்தாங்க. அதுக்கு மேல ஒண்ணுகூட கிடையாதுன்னு கம்பெனியே அறிவிச்சது, சொன்ன சொல்லையும் காப்பாத்துச்சு. அந்தக் காரை வாங்கினவர் நஷ்டப்பட முடியுமா? முடியும். சில பேர் பட்டிருக்காங்க. எப்படின்னு புரிஞ்சுக்கிட்டா, ஐபிஓ-ல இருந்து “பக்கத்துல ஐடி பார்க் வருதாம்” மனை வரைக்கும் பல விஷயங்கள் தெளிவாகும்.

போர்ஷே 911 பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1960-கள்ல இருந்து கிட்டத்தட்ட அதே உருவத்துல, இன்ஜினைப் பின்னாடி வெச்சுக்கிட்டு ஓடுற கார். 1967-ல பந்தயத்துக்காக எடை குறைச்சு 911 ஆர்-னு ஒண்ணு செய்தாங்க, சுமார் இருபது கார்தான். அதனால ‘ஆர்’ என்ற ஒரே எழுத்துக்கு ரசிகர்கள்கிட்ட தனி மரியாதை.

இப்போ 2013-க்கு வாங்க. போர்ஷே அந்த வருஷம் விட்ட 911 ஜிடி3-ல மேனுவல் கியர், கிளட்ச் பெடல் கிடையாது. பிடிகே என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும்தான். வேகத்துக்கு அதுதான் நல்லது, ஆனா கார் பிரியர்களுக்கு மனசு ஆறல. கையால கியர் போடுறதுதானே சுகம்! 2015-ல வந்த கேமன் ஜிடி4 மேனுவல் கியரோட மட்டும் வந்தப்போ கிடைச்ச வரவேற்பு, இந்தப் பசி எவ்வளவு பெரிசுன்னு காட்டிடுச்சு. அப்பதான் “ஆர் திரும்ப வருதாம்” என்ற பேச்சு கிளம்புச்சு.

பேச்சு உண்மையாச்சு. 2016 மார்ச், ஜெனீவா மோட்டார் ஷோ. 500 குதிரைத்திறன், 4 லிட்டர் இன்ஜின், ஆறு கியர் மேனுவல், 1,370 கிலோ எடை. அமெரிக்காவில் ஷோரூம் விலை 1,84,900 டாலர். ஆனா ஷோரூமுக்குப் போய்க் கேட்டா கிடைக்காது. 918 ஸ்பைடர் என்ற கோடிக்கணக்கான விலையுள்ள காரை ஏற்கெனவே வெச்சிருந்தவங்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. மத்தவங்க வெளிச்சந்தையில தேடினாங்க. அங்கே பத்து லட்சம் டாலருக்கு மேல கேட்டுக்கூட விளம்பரங்கள் வந்துச்சு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. விளம்பரத்துல இருக்கிறது கேட்கிற விலை. கைமாறின விலை வேற. நான் என் பழைய பைக்கை ரெண்டு கோடிக்கு விற்பனைன்னு போடலாம், யார் தடுக்கப் போறா? ஆனா செய்தியில வர்றதும், வாட்ஸ்அப்ல சுத்துறதும் கேட்கிற விலைதான். அதைப் பார்த்து இன்னொருத்தர் தன் விலையை ஏத்துவார். ரெண்டு பேருமே இன்னும் வித்திருக்க மாட்டாங்க!

அடுத்து இன்னொரு பேச்சு கிளம்புச்சு: “அடுத்த ஜிடி3-ல மேனுவல் கியர் வருதாம்.”

அதுவும் உண்மையாச்சு. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2017 மார்ச்ல அதே ஜெனீவாவில் புது ஜிடி3. அதே 500 குதிரைத்திறன், அதே 4 லிட்டர், விரும்பினா ஆறு கியர் மேனுவல். அடிப்படை விலை 1,43,600 டாலர். செப்டம்பர்ல டூரிங் பேக்கேஜ்னு பின்னாடி இருந்த பெரிய இறக்கையையும் எடுத்துட்டாங்க. அதுக்குத் தனியா காசு கிடையாது. தூரத்துல இருந்து பார்த்தா ஆர் மாதிரியே இருக்கும். எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. மில்லியன் டாலர் கனவு அதோட கலைஞ்சது.

இதுல போர்ஷே யாரையும் ஏமாத்தல, அதைக் கவனிங்க. 991-க்கு மேல ஆர் செய்ய மாட்டோம்னுதான் சொன்னாங்க. *ஆர் மாதிரி ஒண்ணு* செய்ய மாட்டோம்னு எங்கேயும் சொல்லல. அந்த இடைவெளியிலதான் பணம் போச்சு. அரிதுன்னு நாம சொல்றதுல ரெண்டு வகை இருக்கு. பொருளே அரிது என்பது ஒண்ணு. அந்தப் பொருள் தீர்க்கிற தேவைக்கு வேற வழி இல்லை என்பது இன்னொண்ணு. முதலாவது 991-லயே பூட்டியாச்சு. ரெண்டாவது, கம்பெனி நினைச்சா ஒரு வருஷத்துல மாறக்கூடியது. கூடுதல் விலையில பெரும்பகுதி ரெண்டாவதுக்காகத்தான் கொடுக்கப்பட்டதுன்னு நான் நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒருத்தர் வெளிச்சந்தையில 5 லட்சம் டாலர் கொடுத்து ஆர் வாங்கினார்னு வெச்சுக்குவோம். டூரிங் வாங்கியிருந்தா 1,43,600. வித்தியாசம் 3,56,400 டாலர். டூரிங்கோட எடை 1,413 கிலோ, அதாவது ஆரை விட 43 கிலோ அதிகம். எடையை மட்டும் வெச்சுப் பார்த்தா, குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 8,288 டாலர்! (ஆர் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மெக்னீசியம் கூரை, 991-ல ஒண்ணு என்ற பெருமை எல்லாம் இருக்கு, ஒத்துக்கிறேன்.)

அவர் அதை 3.5 லட்சத்துக்கு வித்தா 30% நஷ்டம். அந்த விலையில இருந்து மறுபடி 5 லட்சத்தைத் தொட 30% ஏறினா போதாது, 43% ஏறணும். இது பங்குக்கும் பொருந்தும், மனைக்கும் பொருந்தும். இறங்கின சதவீதமும் ஏற வேண்டிய சதவீதமும் ஒண்ணு இல்லை.

அதோட ‘வெச்சிருக்கிற செலவு’ தனி. இன்சூரன்ஸ் கட்டணும், பாதுகாப்பான கராஜ் வேணும், ஓடாத காருக்கும் சர்வீஸ் உண்டு. முதலீடுன்னு வாங்கினவர் ஓட்டவும் முடியாது, ஏன்னா கிலோமீட்டர் ஏற ஏற மறுவிற்பனை விலை இறங்கும். கையால கியர் போடுற சுகத்துக்காகவே பிறந்த கார், போர்வை போர்த்தி நிக்கும்.

இதே காலத்துல ஷோரூம் விலைக்கு வாங்கினவர் நிலைமை என்ன? விலை இறங்கின பிறகும் ஆர் தன் 1,84,900-க்கு மேலதான் இருந்துச்சு. அவருக்கு லாபம். ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே சந்தை. மாறினது நுழைஞ்ச விலை மட்டும்தான். “போர்ஷே ஆர் நல்ல முதலீடா?” என்ற கேள்விக்கு அதனாலதான் பதில் இல்லை. எந்த விலைக்கு என்று சேர்த்துக் கேட்டாத்தான் பதில் உண்டு.

வாங்கி உடனே விக்கிறவங்களைக் கம்பெனிகளுக்கும் பிடிக்காது. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச மல்யுத்த வீரர் ஜான் சீனா 2017-ல ஃபோர்டு ஜிடி வாங்கினார். 24 மாசம் விக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். டெலிவரி எடுத்து ஒரு மாசத்துக்குள்ள வித்துட்டார். ஃபோர்டு வழக்குப் போட்டு, 2018-ல சமரசமாகி, அந்தப் பணம் தர்ம காரியத்துக்குப் போச்சு. போர்ஷே இன்னும் கெட்டிக்காரத்தனம். 2023-ல 911 எஸ்/டி-ன்னு 1,963 கார் மட்டும் அறிவிச்சப்போ, அமெரிக்காவில் முதல் வருஷம் லீஸ்லதான் ஓட்டணும், அப்புறம்தான் சொந்தமாக்கலாம்னு வெச்சாங்க. உங்க பேர்லயே இல்லாத காரை எப்படி விப்பீங்க?

சரி, மாசம் பிறந்தா இஎம்ஐ கட்டுற நமக்கு இதுல என்ன?

ஐபிஓ-ல ஜிஎம்பி-ன்னு ஒண்ணு பார்ப்பீங்க. பட்டியலிடும் முன்னாடியே வெளியில பேசிக்கிற கூடுதல் விலை. அது அதிகாரபூர்வமானது இல்லை, எந்த ஒழுங்குமுறைக்கும் உட்பட்டதும் இல்லை. ஆர் விளம்பரத்துல இருந்த பத்து லட்சம் டாலருக்கு அண்ணன் தம்பி. ஒதுக்கீட்டில் கிடைச்சவருக்கும், முதல் நாள் உச்ச விலையில பாய்ஞ்சு வாங்கினவருக்கும் உள்ள வித்தியாசம், ஷோரூம்காரருக்கும் வெளிச்சந்தைக்காரருக்கும் உள்ள அதே வித்தியாசம்தான்.

மனையும் அப்படித்தான். “இந்த ஏரியாவில் இதுதான் கடைசி லேஅவுட் சார்” என்று சொல்றவரை நம்பலாம், அவர்கிட்ட அது கடைசியா இருக்கலாம். அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல எத்தனை ஏக்கர் காலியா இருக்குன்னு பைக்ல ஒரு சுத்து சுத்திப் பாருங்க. அதுதான் உங்க மனையோட ‘டூரிங் பேக்கேஜ்’.

இன்னொரு பக்கமும் இருக்கு. வதந்தி வாங்குறவருக்கு உதவவும் செய்யும். நீங்க பார்த்து வெச்சிருக்கிற கார்ல புது மாடல் வருதாம்னு பேச்சு வந்தா, டீலர் யார்டுல நிக்கிற பழைய மாடலுக்குப் பேரம் பேச அதுதான் நேரம். பத்து வருஷம் ஓட்டப் போறவருக்கு பம்பர் டிசைன் மாறினா என்ன? ரெண்டு வருஷத்துல விக்கப் போறவர்தான் கவலைப்படணும், புது மாடல் வந்ததும் இதோட மறுவிற்பனை விலை அடிபடும்.

ஒரு சின்ன வீட்டுப்பாடம். இப்போ நீங்க “வருதாம்” என்பதை நம்பி வாங்க நினைக்கிற ஒரு பொருளை எடுத்துக்கோங்க. அந்தப் பேச்சு பொய்யாப் போனா அதுக்கு என்ன விலை கொடுப்பீங்கன்னு எழுதுங்க. பக்கத்துலயே இப்போ கேட்கிற விலையை எழுதிக் கழிங்க. வர்ற தொகை உங்க எத்தனை மாசச் சம்பளம்னு பாருங்க.