குவான்சோவில் ஒரு நாள்

அலுவல் நிமித்தம் சீனா சென்று வரும் வைட்ஃபீல்ட் அன்பர்களே, ஃபூஜியன் மாகாணம் வரை போக வாய்த்தால் குவான்சோ நகருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். (குவாங்சோ வேறு ஊர், டிக்கெட் எடுக்கும்போது கவனம்!) மார்க்கோ போலோ வியந்து எழுதிய துறைமுகம் இதுவே.

உள்ளூர் நண்பர்கள் முதலில் கையுவான் புத்தர் கோயிலின் இரட்டைக் கோபுரங்களைக் காட்டுவார்கள். கி.பி. 686-இல் தோன்றிய கோயில், பார்க்க வேண்டியதுதான். ஆனால் பெரிய மண்டபத்தின் பின்புறமும் போகலாமா என்று கேளுங்கள். அங்கே இரண்டு கல்தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் இருக்கிறார்கள்! அழிந்துபோன இந்துக் கோயிலின் கற்கள் அவை.

அடுத்து, கடல்வழிப் போக்குவரத்து அருங்காட்சியகம். யானை சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் அங்கு உண்டு. திருவானைக்காக் கதையை நண்பர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது தெரியுமா?

இந்நகரில் 1956-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281-இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலனுக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. கோயிலின் பெயர் திருக்கானீச்சுரம். பிள்ளைகளே, பிரித்துப் பாருங்கள்: திரு + கான் + ஈச்சுரம். தஞ்சையில் இராசராசன் பெயரால் இராசராசேச்சுரம். கடல் கடந்த ஊரில் அந்நாட்டு அரசன் பெயரால் கானீச்சுரம். தமிழ் வரிகளின் கீழே சீன எழுத்திலும் ஒரு வரி உண்டு.

மாலையில் நேரமிருந்தால் செடியன் கிராமத்துக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்குள்ள சிறு கோயிலில் நம் நாட்டுத் தெய்வச் சிலை ஒன்றை, குவான்யின் என்றே எண்ணி, ஊர்மக்கள் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள்.