பூட்டிய கதவும் மூன்று விதிப்புத்தகங்களும்

அன்புள்ள தம்பிக்கு,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்த்து ஆடும் ரோல்பிளேயிங் கேம்களில் எதை வாங்கலாம், கூட ஆட ஆட்களை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தாய். யாரைக் கேட்டாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றுதான் சொல்வார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்த ஆட்டம்தான் இந்த வகைக்கே முன்னோடி. ஆனாலும் பெயரைப் பார்த்து வாங்காதே. பகடை கைவிடும்போது அந்த ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார். ஒவ்வொரு ஆட்டத்தின் குணமும் அங்கேதான் தெரியும்.

ஒரு பூட்டிய கதவை எடுத்துக்கொள்வோம். உன் பாத்திரம் அதைத் திறந்தாக வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் சாதாரணப் பூட்டைத் திறக்க 15 எடுக்க வேண்டும். முதல் நிலையில் இருக்கும் திருடனுக்குக் கைத்திறனுக்கு 3, பயிற்சிக்கு 2 என மொத்தம் 5 கையிலேயே இருக்கும். இருபது முகப் பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பூட்டு திறந்துவிடும். நூற்றுக்கு 55 வாய்ப்பு. விழாவிட்டால் கதவு அப்படியே நிற்கும். அடுத்து என்ன என்பதை ஆட்டத்தை நடத்துகிறவர்தான் யோசிக்க வேண்டும். விதிகளில் பெரும்பகுதி சண்டைக்கும் மந்திரத்துக்கும்தான். நிலை உயர உயரப் புதுப்புது ஆற்றல்கள் சேரும். கணக்குப் போட்டு, திட்டம் தீட்டிச் சண்டை போடுவதில் ஆசை உள்ளவர்களுக்கு இது பொருத்தம்.

அடுத்தது சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கால் ஆஃப் கதுலு. பெரும்பாலும் 1920-களில் நடக்கும் திகில் கதை. நூலகர், நிருபர் போன்ற சாதாரண மனிதர்கள்தான் பாத்திரங்கள். பூட்டுத் திறக்கும் திறன் 40 என்றால், நூறு வரை காட்டும் பகடையில் 40 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். தவறினால், இந்த முறை என்ன கூடுதலாகச் செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டு மறுபடி உருட்டலாம். ஆனால் அதுவும் தவறினால் விளைவு முதல் தவறைவிட மோசமாக இருக்கும். கம்பி முறிந்து, அந்தச் சத்தத்தில் உள்ளே இருப்பது எதுவோ விழித்துக்கொள்ளலாம். மறுபடி உருட்டலாமா வேண்டாமா என்று ஆடுகிறவன் தயங்கும் அந்த நொடிதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

மூன்றாவது, 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்ட். இரண்டு ஆறு முகப் பகடையை உருட்டிக் கைத்திறனைக் கூட்டு. பத்தோ அதற்கு மேலோ வந்தால் பூட்டு சிக்கலில்லாமல் திறக்கும். 7 முதல் 9 வரை வந்தாலும் திறக்கும். ஆனால் சந்தேகம், ஆபத்து, இழப்பு என்ற மூன்றில் இரண்டை நடத்துகிறவர் உன் முன்னால் வைப்பார், ஒன்றை நீ ஏற்க வேண்டும். கைத்திறன் 2 உள்ள திருடனுக்கு, பகடை விழக்கூடிய 36 விதங்களில் 15 முழு வெற்றி, 15 விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 மட்டுமே தோல்வி. அந்தத் தோல்வியிலும் கதை நிற்காது, புதிதாக ஒரு சிக்கல் முளைக்கும். ஆடுகிறவர்களும் சேர்ந்து கதையைக் கட்டும் குழுவுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

ஆக, உன் குழுவில் யார் யார் என்று தெரியாமல் எது நல்ல ஆட்டம் என்று முடிவு செய்ய முடியாது. முதலில் ஆட்களைச் சேர், பிறகு புத்தகம் வாங்கு.

ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களாகத் தேடி அலையாதே. கதை கேட்டால் 'அப்புறம்?' என்று கேட்கிற நண்பர்கள் மூன்று பேர் போதும். வகுப்பில், விடுதியில், உறவில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். மாதக்கணக்கில் நீளும் கதைக்கு அழைத்தால் மலைத்துப் போவார்கள். ஒரு மாலை மட்டும் என்று அழை. அதற்கு ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் நல்ல தொடக்கம். விதிகள் மொத்தமும் ஒரே பக்கம், இலவசம், சாதாரண ஆறு முகப் பகடை போதும். கால் ஆஃப் கதுலுவுக்கும் ஒரு கதையோடு சேர்ந்த இலவச அறிமுகப் புத்தகம் உண்டு. பக்கத்தில் யாரும் அமையாவிட்டால் ரோல்20 போன்ற இணைய மேசைகளில் புதியவர்களைச் சேர்க்கும் குழுக்களைப் பார்க்கலாம். முன்பின் தெரியாதவர்களை நேரில் சந்திப்பதானால் பொது இடத்தில் சந்தி, வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

ஆட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் பேசிக்கொள்ளுங்கள். எப்படிப்பட்ட கதை, எத்தனை மணிக்கு முடிப்பது, கதையில் எதெல்லாம் வரவே கூடாது என்பதை எல்லோரும் சொல்லட்டும். இதைத்தான் 'செஷன் ஜீரோ' என்கிறார்கள். சிலந்தி என்றாலே நடுங்குகிறவன் இருக்கும் மேசையில் சிலந்திக் குகை வேண்டாம். இந்த அக்கறை இல்லாமல் உடைந்த குழுக்கள் உண்டு. விதிப்புத்தகம் சரியில்லாமல் உடைந்தவை அதைவிடக் குறைவு.

முதல் ஆட்டத்தை நீயே நடத்து. விதி மறந்துபோனால் தேடிக்கொண்டு நிற்காதே. நியாயமாகப் படுவதைச் சொல்லி நகர்ந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் எது பிடித்தது என்று ஒவ்வொருவரையும் கேள். சண்டை என்றால் முதல் புத்தகம், பயம் என்றால் இரண்டாவது, கதைத் திருப்பம் என்றால் மூன்றாவது. கலைவதற்கு முன்பே அடுத்த தேதியைக் குறித்துவிடு. தேதி குறிக்காத குழு மறுபடி கூடுவது கஷ்டம்.

அன்புடன்,
அக்கா